ஏட்டில் விடுபட்ட வரிகள்: ஆடவர் பிள்ளைப்பேறின்மை பற்றி மூலக்கூற்று உயிரியல் கூறுவது

தமிழில் 'மலடி' என்றொரு சொல் உண்டு. அதற்கு ஆண்பாலாக 'மலடன்' என்னும் சொல்லும் அகராதியில் உண்டு. முன்னதை நாம் எத்தனையோ முறை காதாரக் கேட்டிருக்கிறோம். பின்னதைக் கேட்டவர் நம்மில் எத்தனை பேர்? இலக்கணம் இரு பாலுக்கும் சொல் அமைத்துக் கொடுத்தது. உலக வழக்கோ ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கைவிட்டுவிட்டது. மணமாகி நான்கைந்து ஆண்டுகள் சென்றும் வீட்டில் தொட்டில் கட்டப்படவில்லை என்றால், விரதம் இருக்கிறவளும் அவளே. அரசமரத்தைச் சுற்றுகிறவளும் அவளே. மருத்துவரிடம் முதலில் அழைத்துச் செல்லப்படுகிறவளும் அவளே. "அடுத்த முறை உன் கணவரையும் உடன் அழைத்து வா, அம்மா" என்று மருத்துவர் சொல்லிவிட்டால், மாமியார் முகம் கறுக்கும் வீடுகள் இன்றும் உள்ளன.

மருத்துவர்களின் கணக்கு வேறு வகையாக இருக்கிறது. பிள்ளைப்பேறின்றி வரும் இணையரை முறையாகச் சோதித்தால், ஏறத்தாழப் பாதிப் பேரில் ஆணிடமும் குறை காணப்படுகிறது. சிலரிடம் அது மட்டுமே குறை. சிலரிடம் மனைவியின் குறையோடு சேர்ந்த குறை. உலகச் சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, வயது வந்தோரில் ஆறு பேருக்கு ஒருவர் வாழ்நாளில் ஒரு காலத்திலேனும் பிள்ளைப்பேறின்மையை அனுபவிக்கின்றனர் என்று மதிப்பிட்டது. ஆகவே இது எங்கோ ஒரு வீட்டுக் கதையன்று. நம் தெருவிலும், நம் பள்ளி ஆசிரியர் அறையிலும் சொல்லாமல் மறைத்து வைக்கப்பட்டிருக்கும் கதை.

ஆணிடம் குறை இருக்கிறது என்று அறிந்தால் மட்டும் போதாது. அக்குறை எங்கிருந்து வந்தது, அதை நீக்க முடியுமா, அது பிள்ளைக்கும் செல்லுமா என்ற வினாக்கள் உடனே எழும். இவ்வினாக்களுக்கு விடை தேடும் துறையே மூலக்கூற்று உயிரியல். அதன் முறைகள் பல. அவற்றுள் மிகத் தெளிவாக விளங்கும் ஒன்றை, அதாவது ஒய் குரோமோசோமில் சில பகுதிகள் அறவே விடுபட்டுப் போவதால் நேரும் குறையை, இங்கு விரிவாகப் பார்ப்போம்.

எத்தனை என்பதும் ஏன் என்பதும்

1677ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் அந்தோனி வான் லீவன்ஹுக், தாமே தேய்த்துச் செய்த கண்ணாடி வில்லையின் வழியே விந்துவைப் பார்த்து, அதில் வாலுடன் நீந்தும் நுண்ணுயிர்கள் இருப்பதைக் கண்டார். அன்று தொடங்கி நெடுங்காலம் வரை ஆணைச் சோதிக்கும் முறை, அடிப்படையில் அதுவாகவே இருந்தது. விந்தணுக்கள் எத்தனை உள்ளன, எவ்வளவு விரைவாக நீந்துகின்றன, வடிவம் சரியாக உள்ளதா என்று உருப்பெருக்கியில் பார்த்து எண்ணுவதே அம்முறை.

உலகச் சுகாதார நிறுவனம் இதற்கென ஒரு கையேடு வைத்திருக்கிறது. 2021ஆம் ஆண்டின் ஆறாம் பதிப்பு, ஒரு மில்லிலிட்டர் விந்துவில் 1 கோடியே 60 இலட்சம் அணுக்கள் என்பதைக் கீழ் அளவாகக் குறிக்கிறது. இவ்வெண்ணைப் பலர் தேர்வில் தேறும் மதிப்பெண்போல் எண்ணிவிடுகின்றனர். அது தவறு. ஓராண்டுக்குள் மனைவியைக் கருவுறச் செய்த ஆடவர்களை வரிசையில் நிறுத்தினால், அவர்களுள்ளும் நூற்றுக்கு ஐந்து பேர் இவ்வளவிற்குக் கீழேதான் நிற்பர். எண் குறைந்தால் வாய்ப்புக் குறைகிறது; வாயில் அடைபடுவதில்லை. விந்துவில் ஓர் அணுவும் இல்லை என்று முடிவு வரும்போதுதான் நிலைமை வேறாகிறது.

உருப்பெருக்கி 'எத்தனை' என்று சொல்லும்; 'ஏன்' என்று சொல்லாது. அணுவே இல்லாத இருவரின் விந்து அதன் கீழ் ஒன்றுபோலவே தோன்றும். ஒருவருக்கு அணுக்கள் குறைவின்றி உண்டாகியும் வெளிவரும் குழாய் அடைபட்டிருக்கலாம். மற்றொருவருக்கு அணு உண்டாகும் வேலையே நடைபெறாமல் இருக்கலாம். முன்னவருக்கு வழி எளிது, பின்னவருக்கு அரிது.

இவ்விடத்தில் ஒரு மயக்கத்தை நீக்கிவிட வேண்டும். விந்தணு இல்லாமையை 'ஆண்மைக் குறைவு' என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் பரவியிருக்கிறது. லேகிய விளம்பரங்கள் அதை வளர்த்துவிட்டன. விரைக்குள் இரு வேறு தொழில்கள் நடக்கின்றன. அங்குள்ள மெல்லிய சுருள் குழாய்களுக்குள் விந்தணுக்கள் உருவாகின்றன. அக்குழாய்களுக்கு இடையே உள்ள வேறு உயிரணுக்கள், குரலையும் மீசையையும் உடல் வலுவையும் தரும் டெஸ்டோஸ்டிரோன் என்னும் சுரப்பைச் செய்கின்றன. முதல் தொழில் முற்றிலும் நின்றுவிட்டாலும் இரண்டாவது தொழில் செம்மையாக நடக்கலாம். எனவே கட்டுடலும் கம்பீரக் குரலும் உடைய ஒருவருக்கு விந்துவில் ஓர் அணுவும் இல்லாதிருப்பது வியப்புக்கு உரியதன்று. இதற்கு நேர்மாறாக, உடற்பயிற்சிக் கூடங்களில் தசை வளர்க்க வேண்டி டெஸ்டோஸ்டிரோனை ஊசியாகப் போட்டுக்கொள்ளும் இளைஞர்கள் தங்கள் விந்தணு உற்பத்தியைத் தாமே நிறுத்திக்கொள்கின்றனர். வெளியிலிருந்து வரும் சுரப்பைக் கண்ட மூளை, விரைக்கு அனுப்பும் ஆணையை நிறுத்திவிடுவதே அதற்குக் காரணம். ஆண்மையைக் கூட்டுவதாக எண்ணித் தந்தைமையை இழப்பது இரங்கத்தக்க நிலைதான்.

படியெடுப்போரும் பாடவேறுபாடும்

ஒரு விந்தணு முதல் நிலையிலிருந்து முழு உருப் பெற ஏறத்தாழ 74 நாட்கள் செல்லும். அந்நாட்களில் தாய் உயிரணு பல முறை பிரிகிறது; தன் மரபு நூலைப் படியெடுக்கிறது; பின் அந்நூலைப் பாதியாக்குகிறது; இறுதியில் தலை சிறுத்து வால் முளைத்து வேறோர் உருவம் கொள்கிறது. இத்தனை வேலைகளுக்கும் உரிய கட்டளைகள் அம்மரபு நூலிலேயே எழுதப்பட்டுள்ளன.

அந்நூலின் பெயர் டி.என்.ஏ. அதன் நெடுங்கணக்கில் நான்கே எழுத்துகள். அந்நான்கும் மாறி மாறி வந்து, ஏறத்தாழ முந்நூறு கோடி எழுத்துகள் கொண்ட நூலாகின்றன. அது குரோமோசோம்கள் எனப்படும் தொகுதிகளாகப் பகுக்கப்பட்டிருக்கிறது. மனித உயிரணுவில் குரோமோசோம்கள் 46 என்று 1956ஆம் ஆண்டில் திட்டமாக அறிவித்தவர்கள் இருவர். ஒருவர் ஸ்வீடன் நாட்டு ஆல்பர்ட் லெவான். மற்றவர் நம் அண்டையிலுள்ள ஜாவாத் தீவில் பிறந்து, ஜப்பானியர் ஆட்சியில் சிறைப்பட்டு, பின் ஐரோப்பா சென்று ஆராய்ந்த ஜோ ஹின் சியோ. அதுவரை பாடநூல்கள் யாவும் 48 என்றே எழுதி வந்தன. எண்ணிப் பார்த்தும் எண் பிழைப்பதுண்டு என்பதை மாணவர்க்குச் சொல்ல இது நல்ல சான்று.

இந்த 46-உம் 23 இணைகள். ஒவ்வோர் இணையிலும் ஒன்று தந்தை வழியில் வந்தது. மற்றது தாய் வழியில் வந்தது. அதாவது, ஒவ்வொரு தொகுதிக்கும் இரண்டு படிகள் நம்மிடம் உள்ளன. பழைய ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த அறிஞர்கள் என்ன செய்தனர்? ஓர் ஏட்டில் செல்லரித்த இடத்தை மற்றோர் ஏட்டைப் பார்த்து நிரப்பினர். இரண்டும் வேறுபட்டால் ஒப்பிட்டுப் பாடம் கண்டனர். உயிரணுவும் ஏறக்குறைய அப்படியே செய்கிறது. ஒரு படியில் முறிவு நேர்ந்தால் இணைப்படியைப் பார்த்துப் பழுது நீக்கிக்கொள்ளும் வழி அதற்கு உண்டு.

ஆனால் ஆணிடம் உள்ள ஓர் இணை மட்டும் இணையாக இல்லை. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள்; ஆணுக்கு ஓர் எக்ஸ், ஓர் ஒய். பல கோடி ஆண்டுகளுக்கு முன் எக்ஸும் ஒய்யும் ஒத்த இணையாகவே இருந்தன என்பது ஆராய்ச்சியாளர் முடிவு. பின்னர் ஒய் தன் மரபணுக்களிற் பெரும்பாலானவற்றை இழந்து சிறுத்துவிட்டது. இன்று இரு முனைகள் நீங்கலாக அதற்கு ஒப்பிட்டுப் பார்க்க வேறு படி இல்லை. தந்தையிடமிருந்து மகனுக்கு, அவனிடமிருந்து அவன் மகனுக்கு என்று ஒற்றை ஏடாகவே அது கைமாறி வருகிறது. ஒற்றைச் சுவடியை மட்டும் நம்பிப் பதிப்பிக்க நேர்ந்தவர் பட்ட துன்பத்தைத் தமிழாசிரியர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தாலியில் தொடங்கிய தேடல்

1976ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டின் பாவியா நகரில் லூசியானோ தியேபொலோ, ஒர்செத்தா சுஃபார்டி என்னும் இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். உடலமைப்பில் எக்குறையும் இல்லாத, ஆனால் விந்துவில் அணுவே இல்லாத ஆறு ஆடவர்களின் ஒய் குரோமோசோமில் நீண்ட கையின் ஒரு பகுதி அறுந்து போயிருந்ததை அவர்கள் கண்டனர். அறுவருள் ஐவர், பிள்ளைப்பேறு குன்றிய 1,170 பேரைச் சோதித்தபோது அகப்பட்டவர்கள். அறுந்த இடத்தில் விந்தணு உற்பத்திக்கு வேண்டிய ஏதோ ஒன்று இருந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து. அந்த ஏதோ ஒன்று எது என்று காட்டும் கருவி அன்று இல்லை. உருப்பெருக்கியில் தெரியும் அளவுக்குப் பெரிய இழப்பை மட்டுமே அவர்களால் காண முடிந்தது. ஓர் ஏட்டில் பாதி ஒடிந்து போயிருந்தால் தூரத்திலிருந்தே தெரியும். நடுவில் நான்கு வரி விடுபட்டிருந்தால் எழுத்தெழுத்தாகப் படித்தால்தான் தெரியும்.

படிக்கும் கருவி 1980-களில் வந்தது. கேரி மல்லிஸ் 1983ஆம் ஆண்டில் எண்ணிக் கண்ட பி.சி.ஆர். என்னும் முறை, டி.என்.ஏ.வின் ஒரு குறித்த பகுதியை மட்டும் தேடிப் பிடித்துக் கோடிக்கணக்கில் படியெடுக்கிறது. அதற்காக அவர் 1993ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். இம்முறையைக் கைக்கொண்டு ஒய் குரோமோசோம் நெடுகிலும் மைல்கற்கள் நட்டதுபோல் அடையாள இடங்களைக் குறித்தவர்களுள் முன்னணியில் நின்றவர், அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள ஒயிட்ஹெட் ஆராய்ச்சிக் கழகத்தின் டேவிட் பேஜ். அவருடைய குழுவினர் 1995ஆம் ஆண்டில், குழாய் அடைப்பு இன்றியே அணு இல்லாதிருந்த 89 ஆடவர்களைச் சோதித்தனர். அவர்களுள் 12 பேரிடம் ஒய்யின் ஏறக்குறைய ஒரே பகுதி விடுபட்டிருந்தது. அங்கே கண்ட மரபணுவுக்கு 'டாஸ்' என்று பெயரிட்டனர். 'அணு இல்லாதாரிடம் விடுபட்டது' என்பது அப்பெயரின் பொருள். ஒரு பொருளுக்கு அது இல்லாத இடத்தை வைத்துப் பெயரிடுவது வேடிக்கைதான். ஆனால் அது இருப்பதன் பயனை அது இல்லாதபோதுதானே கண்டுகொண்டனர்!

டாஸ் மரபணு செய்விக்கும் புரதம், மற்ற மரபணுக்களின் செய்தியைத் தாங்கிவரும் ஆர்.என்.ஏ.வைப் பற்றிக்கொண்டு, அச்செய்தி செயலாவதற்குத் துணை நிற்கிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மரபணு, வாழைப்பழத்தில் மொய்க்கும் சிறு பழ ஈயிலும் இருக்கிறது. அங்கும் அது கெட்டால் ஆண் ஈக்கு விந்தணு இல்லை. மனிதனும் ஈயும் பிரிந்து எத்தனையோ கோடி ஆண்டுகள் சென்றும் இத்தொழிலை அக்குடும்பம் விடவில்லை.

1996ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஹைடெல்பெர்க் நகரின் பீட்டர் ஃபோக்டும் அவருடன் உழைத்தோரும், விடுபடும் இடம் ஒன்றன்று, மூன்று என்று பிரித்துக் காட்டினர். அவற்றை ஏ, பி, சி பகுதிகள் என்பர். டாஸ் இருப்பது சி பகுதியில். மிகுதியாக விடுபடுவதும் அதுவே.

மாலைமாற்றும் கண் தாவலும்

ஏன் இவ்விடங்களே மீண்டும் மீண்டும் விடுபட வேண்டும்? இவ்வினாவுக்கு விடை 2003ஆம் ஆண்டில் வந்தது. அவ்வாண்டில்தான் பேஜ் குழுவினரும் செயின்ட் லூயி நகரத்து ஆராய்ச்சியாளர்களும் ஒய்யின் முக்கியப் பகுதியை எழுத்தெழுத்தாகப் படித்து வெளியிட்டனர். அதில் கண்ட ஒரு செய்தி தமிழ் படித்தோர்க்குத் தனி இன்பம் தரக்கூடியது.

'விகடகவி' என்னும் சொல்லை இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும் ஒன்றே. செய்யுள் முழுவதையும் அவ்வாறு அமைப்பதை மாலைமாற்று என்போம். திருஞானசம்பந்தர் அவ்வகையில் ஒரு பதிகமே பாடியிருக்கிறார். ஒய் குரோமோசோமில் இப்படிப்பட்ட மாலைமாற்றுகள் எட்டு இருக்கின்றன. டி.என்.ஏ. இரட்டை இழையாக இருப்பதால் இங்கே விதி சற்று மாறும்: ஓர் இழையை ஒரு பக்கமிருந்து படிப்பதும், மற்றோர் இழையை எதிர்ப்பக்கமிருந்து படிப்பதும் ஒன்றாக இருக்கும். எட்டில் மிகப் பெரியது 29 இலட்சம் எழுத்துகள் நீளமுடையது. அதன் இரு பாதிகளும் பத்தாயிரம் எழுத்துக்கு மூன்று எழுத்து மட்டுமே வேறுபடும் அளவுக்கு ஒத்திருக்கின்றன. விந்தணு உற்பத்திக்கு உரிய மரபணுக்கள் பல இம்மாலைமாற்றுகளுக்குள் இரட்டை இரட்டையாக வைக்கப்பட்டுள்ளன.

இதன் பயன் என்ன? ஒய்க்கு ஒப்பிட வேறு ஏடு இல்லை என்று மேலே சொன்னோம். அக்குறையை ஈடுசெய்ய அது ஒரே ஏட்டுக்குள் ஒவ்வொரு முக்கியப் பாடத்தையும் இரண்டு முறை எழுதி வைத்துக்கொண்டிருக்கிறது! ஒரு பாதியில் பிழை நேர்ந்தால் மறு பாதியைப் பார்த்துத் திருத்திக்கொள்கிறது. இரு பாதிகளும் இவ்வளவு ஒத்திருப்பதற்கு இடைவிடாது நடக்கும் இத்திருத்தமே காரணம் என்று அந்த ஆராய்ச்சியாளர் காட்டினர். ஒய் தேய்ந்து தேய்ந்து அழிந்துவிடும் என்று சிலர் ஆரூடம் சொல்லி வந்த காலத்தில் வந்த செய்தி இது.

ஆனால் காத்த கையே கவிழ்ப்பதும் உண்டு. ஏடு படியெடுத்தவர்கள் வழக்கமாகச் செய்யும் ஒரு பிழையை நினைத்துப் பாருங்கள். 'என்று கூறினான்' என்னும் தொடர் ஓர் ஏட்டில் ஏழாம் வரியிலும் பன்னிரண்டாம் வரியிலும் வருகிறது என்று கொள்வோம். எழுதுகிறவர் ஏழாம் வரியில் அத்தொடரை எழுதிவிட்டு மீண்டும் மூல ஏட்டைப் பார்க்கிறார். கண் பன்னிரண்டாம் வரியிலுள்ள அதே தொடரில் போய் விழுகிறது. அங்கிருந்து எழுதத் தொடங்கிவிடுகிறார். நடுவிலிருந்த வரிகள் போயின. படித்தால் பொருள் தொடர்வதுபோலவும் இருக்கும். ஒரே சொற்றொடர் அடுத்தடுத்து வரும் ஏட்டில்தான் இப்பிழை மிகுதி.

ஒய்யில் நடப்பதும் இதுவே. சி பகுதியின் இரு பக்கங்களிலும் 2 இலட்சத்து 29 ஆயிரம் எழுத்துகள் கொண்ட ஒத்த பாடம் ஒன்று இருக்கிறது. உயிரணு தன் டி.என்.ஏ.வைச் சீர்செய்கையில், முதலிடத்துப் பாடத்தை இரண்டாமிடத்துப் பாடம் என்று மயங்கி இணைத்துவிட்டால், நடுவிலுள்ள 35 இலட்சம் எழுத்துகள் கழன்று போகும். டாஸ் மரபணுவின் நான்கு படிகளும் அத்தோடு போய்விடும். ஏ பகுதியில் இம்மயக்கத்துக்குக் காரணமாவது இன்னும் விந்தையானது. மிகப் பழங்காலத்தில் நம் முன்னோரின் உயிரணுவில் புகுந்து தங்கிவிட்ட ஒரு வைரசின் எச்சங்கள் இரண்டு அங்கே கிடக்கின்றன. அவ்விரண்டும் ஒன்றையொன்று ஒத்திருப்பதால், நடுவிலுள்ள ஏறத்தாழ 8 இலட்சம் எழுத்துகள் இழக்கப்படுகின்றன.

ஆகவே இக்குறை யாருடைய நடத்தையாலும் வந்ததன்று. பிறர் செய்த வினையாலோ சாபத்தாலோ வந்ததுமன்று. குறையுடையவரின் தந்தையைச் சோதித்தால் பெரும்பாலும் அவருடைய ஒய் முழுமையாகவே இருக்கும். தந்தையின் விரையில் படியெடுத்த வேளையில் நேர்ந்த கண் தாவல் அது. இந்தியா, போலந்து, துனிசியா, அமெரிக்கா, வியட்நாம் ஆகிய ஐந்து நாடுகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆடவர்களைச் சோதித்து 2012ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி, சி பகுதியை முழுதும் இழந்தவர் ஏறத்தாழ 2,300 பேருக்கு ஒருவர் என்று கணக்கிட்டது.

ஒய்யின் நூல் முழுவதும், அதாவது 6 கோடியே 24 இலட்சத்து 60 ஆயிரத்து 29 எழுத்துகளும், ஒன்றுவிடாமல் படித்து முடிக்கப்பட்டது 2023ஆம் ஆண்டில்தான். எல்லாக் குரோமோசோம்களிலும் இறுதியாக முடிந்தது இதுவே. ஒரே பாடம் பல முறை வந்து படிப்போரின் கண்ணையும் கருவியையும் மயக்கியதே தாமதத்துக்குக் காரணம்!

சோதனை நடக்கும் முறை

சோதனைக்கு வேண்டியது சிறிதளவு இரத்தம். அதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுப்பர். ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டிரண்டு அடையாள இடங்களை பி.சி.ஆர். முறையால் படியெடுப்பர். சி பகுதிக்கு எஸ்.ஒய். 254, எஸ்.ஒய். 255 என்பன அவ்விடங்களின் பெயர்கள். படியெடுத்ததைக் கூழ் போன்ற ஜெல்லில் இட்டு மின்சாரம் செலுத்தினால், டி.என்.ஏ. துண்டுகள் நகர்ந்து பட்டைகளாகத் தெரியும். பட்டை தெரிந்தால் அவ்விடம் இருக்கிறது; தெரியாவிட்டால் இல்லை.

இல்லை என்பதை எப்படி நம்புவது? வேதிப்பொருள் கெட்டிருந்தாலும் பட்டை தெரியாதே! அதற்காகவே ஒய்யில் எந்நாளும் இருக்க வேண்டிய வேறோர் இடத்தையும் அதே குழாயில் உடன் படியெடுப்பர். ஆண்பாலை முடிவு செய்வதாக 1990ஆம் ஆண்டில் இலண்டனில் கண்டறியப்பட்ட எஸ்.ஆர்.ஒய். மரபணு இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. அதன் பட்டை தெரிந்து, மற்றது தெரியவில்லை என்றால் முடிவை நம்பலாம். ஒரு பெண்ணின் டி.என்.ஏ.வையும் பக்கத்தில் வைத்துச் சோதிப்பர். அதில் பட்டை தெரிந்தால் சோதனையில் கலப்படம் நேர்ந்துவிட்டது என்று பொருள். மாணவர்களுக்கு அறிவியல் முறையை விளக்க விரும்பும் ஆசிரியர் இந்த ஒரு சோதனையை எடுத்துக்கொண்டால் போதும்.

இந்தியாவில் இவ்வாராய்ச்சி பெரிய அளவில் நடந்த இடம் ஹைதராபாத்திலுள்ள உயிரணு, மூலக்கூற்று உயிரியல் மையம். அங்கே குமாரசாமி தங்கராஜும் அவர் குழுவினரும், விந்துவில் அணு இல்லாத 340 இந்திய ஆடவர்களைச் சோதித்து 2003ஆம் ஆண்டில் முடிவு வெளியிட்டனர். அவர்களுள் 29 பேரிடம், அதாவது நூற்றுக்கு எட்டரைப் பேரிடம், ஒய்யின் பகுதி விடுபட்டிருந்தது. மற்ற நாடுகளில் கண்டதும் ஏறக்குறைய இதே அளவுதான்.

நூற்றுக்கு எட்டரைதானா என்று சிலர் கேட்கக்கூடும். அந்த எட்டரைப் பேருக்கு இம்முடிவு எவ்வளவு வேறுபாட்டை உண்டாக்குகிறது என்று பார்க்க வேண்டும். விந்துவில் அணு இல்லாதவர்க்கு, விரையை அறுத்து உள்ளே எங்கேனும் ஓரிரு அணுக்கள் ஒளிந்துள்ளனவா என்று தேடும் அறுவை மருத்துவம் உண்டு. ஏ பகுதி முழுதும் போனவரிடமும், பி பகுதி முழுதும் போனவரிடமும் அவ்வாறு தேடினால் ஒன்றும் அகப்படுவதில்லை. சி பகுதி மட்டும் போனவரிடமோ ஏறத்தாழப் பாதிப் பேரில் அகப்படுகிறது. வெளியிலிருந்து பார்க்க மூவரும் ஒன்றே. சிறிது இரத்தத்தில் செய்யும் சோதனை, ஒருவருக்கு வீண் அறுவையையும் வீண் செலவையும் தவிர்க்கிறது. மற்றொருவருக்கு நம்பிக்கை வைக்க இடமுண்டு என்று காட்டுகிறது. இதைச் செய்யாமல் மனைவிக்கு ஊசி மேல் ஊசி போட்டுக்கொண்டிருப்பது கொடுமை அன்றி வேறென்ன?

வேறு மரபுக் காரணங்களும் உள்ளன. ஓர் எக்ஸ் மிகையாக அமைந்து 47 குரோமோசோம்கள் கொண்ட ஆடவர்கள் உண்டு. 1942ஆம் ஆண்டில் ஹாரி கிளைன்ஃபெல்டர் விளக்கிய இந்நிலைக்கு அக்குரோமோசோமே காரணம் என்று 1959ஆம் ஆண்டில் அறிந்தனர். 1989ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட சி.எஃப்.டி.ஆர். என்னும் மரபணு கெட்டவர்களுள், விந்தணு வெளிவரும் குழாயே பிறவியிலேயே அமையாதவர்கள் உள்ளனர். அவர்களுக்கு அணு உற்பத்தியில் குறை இராது. தலை உருண்டையாகி முட்டையைத் துளைக்க மாட்டாத விந்தணுக்கள் உண்டாவதற்கு ஒரு மரபணுவின் இழப்பே பெரிதும் காரணம் என்று 2011ஆம் ஆண்டில் கண்டனர். நூல் முழுவதையும் படிக்கும் செலவு இப்போது மிகக் குறைந்துவிட்டதால், இப்பட்டியல் நீண்டுகொண்டே வருகிறது. மரபோடு தொடர்பில்லாத காரணங்களும் பல: பருவம் எய்தியபின் வரும் பொன்னுக்கு வீங்கி, விரைப்பையின் நாளப் புடைப்பு, புகைபிடித்தல் ஆகியன அவற்றுட் சில.

மகனுக்குச் செல்லும் ஏடு

1992ஆம் ஆண்டில் பெல்ஜியம் நாட்டு பிரஸ்ஸல்ஸ் நகரில் ஜியான்பியரோ பலெர்மோவும் அவருடன் இருந்தோரும், ஒற்றை விந்தணுவை நுண்ணிய கண்ணாடி ஊசியால் முட்டைக்குள் செலுத்திக் கருவாக்கும் முறையால் பிள்ளைகள் பிறந்ததை அறிவித்தனர். இக்சி என்று அழைக்கப்படும் இம்முறை வந்தபின், கோடிக்கணக்கில் அணு வேண்டும் என்ற நிலை போய், ஒன்று கிடைத்தாலும் போதும் என்றாயிற்று. சி பகுதியை இழந்தவர்களும் தந்தையராயினர்.

இதற்குமுன் இக்குறை பெரும்பாலும் ஒரு தலைமுறையோடு நின்றுவிடும். பிள்ளை பெற மாட்டாமையே அதன் விளைவாதலால், அது அடுத்தவர்க்குச் செல்ல வழி இல்லை. காணப்பட்ட குறை ஒவ்வொன்றும் பெரும்பாலும் புதிதாக நேர்ந்ததே. இக்சி அவ்வழியைத் திறந்துவிட்டது. மகள் பிறந்தால் தந்தையின் எக்ஸே அவளுக்குச் செல்லும். அவளுக்கு இக்குறை இல்லை. மகன் பிறந்தால் தந்தையின் ஒய் அப்படியே செல்லும். வரிகள் விடுபட்ட அதே ஏடு. இதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆகவே சிகிச்சைக்கு முன்பே இதை அவ்விணையருக்கு எடுத்துரைப்பது மருத்துவரின் கடமையாகக் கொள்ளப்படுகிறது. கேட்டபின்னும், "எங்களுக்கு மகன் பிறந்து அவனுக்கும் இக்குறை வந்தால், எங்களைப்போல் அவனும் மருத்துவத்தை நாடட்டும்" என்று முன்செல்வோர் பலர். அவர்கள் சொல்வதில் பிழை காண எனக்குத் தோன்றவில்லை. உயிர்க்கு ஊறு செய்யாத குறை இது.

ஆனால் ஒன்று உண்டு. சி பகுதி இல்லாத ஆடவர் சிலருக்கு இளமையில் விந்துவில் சில அணுக்களேனும் இருந்து, ஆண்டுகள் செல்லச் செல்ல அவையும் குறைந்து மறைந்ததை மருத்துவர்கள் கண்டிருக்கின்றனர். எனவே அம்மகன் வளர்ந்து ஆளானதும் தன் விந்துவைச் சோதித்து, அணு இருக்குமாயின் அதைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்துப் பிற்காலத்துக்குச் சேமித்துக்கொள்ளலாம். அதற்கு அவன் செய்தியை உரிய காலத்தில் அறிந்திருக்க வேண்டும். முப்பது வயதில், மணமான பிறகு, மனைவியைக் கோயிலுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் வேளையில் அறிந்தால் காலம் கடந்திருக்கும். அவனிடம் அதைச் சொல்ல வேண்டியவர் தந்தையே. தம் குறையை மனைவியின் வீட்டாரிடம் சொல்லத் தயங்கியவர், பதினெட்டு வயது மகனை எதிரில் உட்கார வைத்து, "தம்பி, உனக்கு ஒன்று சொல்ல வேண்டும்" என்று தொடங்க வேண்டியிருக்கும்.